குளிருக்கு ஒன்று, நம் கடலுக்கு ஒன்று என்று இரண்டு ரெகுலேட்டர் வாங்கணுமா?

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது இங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மூன்று வருடமாகப் பெர்ஹெந்தியானில் முக்குளிக்கிறேன், இதுவரை 32 டைவ், எல்லாம் வாடகைச் சாமான். டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கிற ரெகுலேட்டரைச் சொந்தமாக வாங்க 3,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் பாலிக்குப் பக்கத்தில் நூசா பெனிடா போகிறோம். அடுத்த வருடம் ஸ்காட்லாந்தில் வேலை செய்யும் என் அண்ணன் வீட்டுக்குப் போகணும், அவர் அங்கே ஏரி, கடல் என்று எதையும் விடாமல் இறங்குகிறவர். போகிற வழியில் ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்கிற தண்ணீர்ப் பிளவைப் பார்க்கவும் ஆசை. கோலாலம்பூர்க் கடைக்காரர் 'குளிருக்கு ஒன்று, பயணத்துக்கு லேசாக ஒன்று, இரண்டாக வாங்குங்கள்' என்கிறார். தோழி ஒருத்தி இணையத்தில் 900 வெள்ளிக்கு ஒரு பழைய செட்டைக் காட்டுகிறாள். பிஸ்டனா டயாஃப்ரமா, டின்னா யோக்கா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொன்று, டைவ் முடிந்து மேலே வந்தால் தாடை வலிக்கிறது, அதுவும் ரெகுலேட்டர் கோளாறா?

பதில்: தங்கச்சி, ஒன்றே போதும். கடைக்காரர் சொன்ன இரண்டில் ஒன்றை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆனால் அந்த ஒன்று எது என்பதை ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யக்கூடாது. அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி, அது கடல் தண்ணீரா நல்ல தண்ணீரா, அப்புறம் வாங்கிய சாமானைக் கழற்றிப் பார்க்க உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் கார் ஓட்டத்துக்குள் ஆள் இருக்கிறாரா, இந்த மூன்றையும் பார்க்கணும். மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. என் மேசைக்கு வந்து மாதக்கணக்கில் கிடக்கிற ரெகுலேட்டர்கள் எல்லாம் மட்டமானவை அல்ல, நல்ல விலை கொடுத்து வாங்கியவைதான், உதிரிப் பாகம் மட்டும் வந்து சேராது.

நான் இந்த ரெகுலேட்டர் ரிப்பேர் வேலைக்கு வருவதற்கு முன்னால் 14 வருடம் செம்பனை ஆலையில் ஃபிட்டர். பாய்லரில் 20 பார் அழுத்தத்தில் கிளம்பும் நீராவியை அப்படியே பழம் வேகவைக்கும் தொட்டிக்குள் விட்டால் கதவு இருக்காது, பக்கத்தில் நிற்கிறவனும் இருக்க மாட்டான். நடுவில் டர்பைன், வால்வு என்று வைத்து அதை 3 பாருக்கு இறக்கித்தான் உள்ளே விடுவோம். ரெகுலேட்டர் செய்வதும் அதேதான். டேங்கில் 200 பார் காற்று இருக்கிறது. டேங்க் வாயில் மாட்டுகிற உலோகக் கட்டிக்குப் பெயர் முதல் நிலை, அது அந்த 200 பாரை உங்களைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் அதிகமாக இருக்கும் அளவுக்குக் குறைத்து ஹோஸுக்குள் விடும். வாயில் கடித்துக்கொள்கிற பகுதி இரண்டாம் நிலை, நீங்கள் இழுக்கும்போது மட்டும் அது திறந்து மிச்ச அழுத்தத்தையும் இறக்கிக் கொடுக்கும். இந்தக் 'கேட்டால் மட்டும் கொடுக்கிற' வால்வைப் பாரிஸில் எமில் காஞ்ஞான் என்ற எஞ்சினியர் முதலில் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கேஸில் கார் ஓட்டுவதற்காகச் செய்து வைத்திருந்தார். அதைப் பிரெஞ்சுக் கடற்படைக்காரர் கூஸ்தோவும் அவரும் சேர்ந்து 1943-இல் தண்ணீருக்குள் கொண்டுபோனார்கள். கார் சாமான்தான், அதனால் பயப்படாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

சரி, குளிர் எங்கே வந்து குறுக்கே நிற்கிறது? டயர்க் கடையில் லாரி டயரின் வால்வை அழுத்திக் காற்றை வெளியே விடும்போது விரலை வைத்துப் பாருங்கள், மத்தியான வெயிலிலும் அந்தக் காற்று சில்லென்று இருக்கும். அடைத்து வைத்த காற்று விரியும்போது குளிரும். டயரில் இருப்பது 7, 8 பார், அதற்கே அப்படி என்றால் 200 பார் ஒரே மூச்சில் 10 பாருக்கு இறங்கும் இடத்தில் எவ்வளவு குளிரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடல் 28, 29 டிகிரி, அந்த வெந்நீர் முதல் நிலையைச் சுற்றிக் கழுவிக்கொண்டே இருப்பதால் உலோகம் சூடேறிக்கொள்ளும், நமக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரே 5 டிகிரி என்றால் சூடு எங்கிருந்து வரும்? உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முதல் நிலையில் பிஸ்டன் என்கிற வகையில் ஸ்பிரிங் சுற்றிலும் நிற்கிற தண்ணீர் பனிக்கட்டியாகி அது திறந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், ஹோஸில் அழுத்தம் ஏறும், ஏறினதும் இரண்டாம் நிலை தாங்காமல் தானாகத் திறந்து கொட்டத் தொடங்கும். இன்னொரு வழியும் உண்டு, நீங்கள் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரம் இரண்டாம் நிலையின் நெம்புகோல் மேலேயே உறைந்து அதை இறுக்கிவிடும். எப்படி வந்தாலும் பெயர் ஒன்றுதான், ஃப்ரீ ஃப்ளோ. நல்ல தண்ணீர் 0 டிகிரியில் உறையும், கடல் தண்ணீர் கிட்டத்தட்ட மைனஸ் 2 வரை தாங்கும், அதனால் ஒரே குளிரில் கடலைவிட ஏரிதான் மோசம். உங்கள் அண்ணன் ஏரியில் இறங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது.

ஐரோப்பாவில் இதற்கு இஎன் 250 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன் கணக்கில் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது குளிர்நீர். குளிர்நீருக்கு என்று விற்கிற ரெகுலேட்டரை 4 டிகிரித் தண்ணீரில் 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்தில் வைத்து நிமிடத்துக்கு 25 மூச்சு, மூச்சுக்கு இரண்டரை லிட்டர் என்று இயந்திரத்தைக் கொண்டு இழுக்க வைப்பார்கள். அந்தச் சோதனையில் தேறாதது, அல்லது கொடுக்கவே படாதது, உடம்பில் '10 டிகிரிக்கு மேல்' என்கிற குறியோடு வரும். 2014 பதிப்பிலிருந்து ஆக்டோபஸோடு, அதாவது கூட்டாளிக்குக் கொடுக்க வைத்திருக்கிற உபரி இரண்டாம் நிலையோடு சேர்த்து இரண்டு பேர் இழுத்தாலும் தாங்குமா என்பதைக் காட்ட 250-க்குப் பின்னால் ஓர் 'ஏ' எழுத்தும் போடுகிறார்கள். கடையில் விளம்பரத் தாளைப் படிக்காதீர்கள். முதல் நிலையைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள், பொறித்திருக்கும் எழுத்து அரிசி மணியைவிடச் சின்னதாக இருக்கும், கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நானே படிக்காமல் போனவன். இங்கிலாந்தில் ஒரு பழைய கல்குவாரி, தண்ணீர் நிரம்பி இப்போது டைவர்கள் பழகுகிற இடம். மார்ச் மாதம், 6 டிகிரி, நல்ல தண்ணீர். சாமான் ஒரு சின்னக் கடையில் வாடகைக்கு எடுத்தது. 17 மீட்டரில் கொஞ்சம் கனமாக இருந்தேன், பிசிடி, அதாவது மிதக்க உதவும் காற்றுச் சட்டையின் பட்டனை நீளமாக அழுத்திக்கொண்டே ஒரு பெரிய மூச்சும் இழுத்தேன். அவ்வளவுதான், வாய்க்குள் தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரி காற்று. சத்தத்தில் ஒன்றும் யோசிக்க முடியாது, கண்ணுக்கு முன்னால் வெறும் குமிழி. கேஜில் 150 இருந்தது. கூட வந்தவருடைய ஆக்டோபஸை வாங்கிக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் மேலே ஏறி முடிக்கும்போது என் டேங்கில் 30. கரையில் உட்கார்ந்து கை நடுக்கம் நின்ற பிறகுதான் முதல் நிலையைத் துடைத்துப் பார்த்தேன், '10 டிகிரிக்கு மேல்' என்று அழகாகப் பொறித்திருந்தது. கடைக்காரர் கொடுத்தது தப்பு, அதைக் கேட்காமல் வாங்கியது ரெகுலேட்டர் ரிப்பேர் பார்க்கிற நான். இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது உங்கள் பயணத்தைப் பார்ப்போம். பெர்ஹெந்தியானுக்கு எதை மாட்டினாலும் ஓடும். நூசா பெனிடாவில் ஜூலை முதல் அக்டோபர் வரை அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், மோலா மீன் வருவதும் அதனால்தான், 27 டிகிரியில் இருந்து இறங்கிக்கொண்டே போனால் திடீரென்று ஒரு கோடு போட்ட மாதிரி 20-க்கு விழும், சில நாள் 18-க்கும் கீழே. உங்களுக்குத்தான் அது குளிர், ரெகுலேட்டருக்கு இல்லை. அங்கே உங்கள் காசு போகவேண்டியது 5 மில்லிமீட்டர் வெட்சூட்டுக்கும் தலைக்கு ஒரு ஹூடுக்கும். அந்த இடத்து நீரோட்டம் பொல்லாதது, 32 டைவ் அனுபவத்துக்கு வழிகாட்டியை ஒட்டியே இருங்கள், அது வேறு கதை. ஸ்காட்லாந்தில் கடல் கோடையிலேயே 14, 15 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம், குளிர்காலத்தில் 6, 7. ஏரியில் அடிக்குப் போனால் கோடையிலும் 10-க்குக் கீழேதான். சில்ஃப்ரா வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி, பனியாறு உருகி எரிமலைப் பாறைக்குள் வருடக்கணக்கில் வடிகட்டி வருகிற நல்ல தண்ணீர். ஆக உங்கள் பட்டியலில் உண்மையான குளிர் இரண்டே இடம், அதில் திரும்பத் திரும்பப் போகப்போவது அண்ணன் வீடு மட்டும்தான்.

அந்த அண்ணன் வீட்டுக்காக வாங்குங்கள். சுற்றிலும் அடைத்த, பேலன்ஸ் செய்த (டேங்க் காலியாக ஆக மூச்சு கனக்காத) டயாஃப்ரம் முதல் நிலை, குளிர்நீர்ச் சான்று உள்ளது. இதுதான் என் பதில், மிச்சமெல்லாம் விளக்கம்.

டயாஃப்ரம் என்றால் ஸ்பிரிங்குக்கும் காற்றுப் பாதைக்கும் நடுவில் ஒரு ரப்பர்த் தகடு இருக்கும், தண்ணீர் அந்தத் தகட்டைத் தாண்டி உள்ளே வராது. அடைத்த மாடலில் ஸ்பிரிங் இருக்கிற அறைக்கும் வெளியே இன்னொரு தகடு போட்டு மூடிவிடுவார்கள், தண்ணீர் அழுத்தம் மட்டும் உள்ளே போகும், தண்ணீர் போகாது. தண்ணீர் இல்லாத இடத்தில் பனிக்கட்டி எப்படி வரும்? பிஸ்டன் மோசமானது இல்லை. அசையும் பாகம் ஒன்றே ஒன்று, காற்று தாராளமாக வரும், ஸ்குபாப்ரோ எம்.கே.25 மாதிரி பேலன்ஸ் பிஸ்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்கள் அதைவிட்டு இறங்க மாட்டார்கள். ஆனால் பிஸ்டனில் ஸ்பிரிங் பெரும்பாலும் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கும். அதே கம்பெனியின் எம்.கே.17 அடைத்த டயாஃப்ரம், அபெக்ஸில் பெரும்பாலும் அந்த வகைதான். நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை, இந்த வகையில் வேறு பெயரில் வந்தாலும் வாங்கலாம்.

பேலன்ஸ் இல்லாத பிஸ்டனும் கடையில் மலிவாகக் கிடைக்கும், வாடகைச் சாமான் நிறைய அதுதான். டேங்க் காலியாக ஆக மூச்சு இழுப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். 12 மீட்டரில் பவளம் பார்ப்பதற்கு அது தாராளம். 30 மீட்டரில் காற்றே மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு கெட்டி, அங்கே அந்தக் கனம் தெரியும்.

கடைக்காரர் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அடைத்த முதல் நிலையின் பலன் குளிரில் மட்டும் இல்லை, நம் ஊரில்தான் இன்னும் அதிகம். கரையோரம் மண் கலங்கிய தண்ணீர், படகில் மத்தியானம் வரை வெயிலில் காய்கிற சாமான், வீட்டுக்கு வந்து சேர மறுநாள். இதற்குள் பிஸ்டனின் ஸ்பிரிங் அறையில் உப்புப் படிந்து கல்லாகியிருக்கும். நான் திறக்கிற திறந்த பிஸ்டன்களில் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையாக, அப்பளக்காரம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், வினிகரில் ஊறப்போட்டுத்தான் எடுப்பேன். அடைத்ததில் அந்த அறையைத் திறந்தால் கடையில் வாங்கின நாள் மாதிரி பளபளவென்று இருக்கும். அதனால் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று பிரிப்பதே எனக்கு ஒப்பவில்லை.

டின்னா யோக்கா என்பதற்கு நீண்ட யோசனை தேவையில்லை, டின் வாங்குங்கள். நம் நாட்டிலும் பாலியிலும் டேங்க் பெரும்பாலும் யோக், அதாவது மேலே ஒரு கவ்வியைப் போட்டுத் திருகி இறுக்குவது. ஐரோப்பாவில் டின், டேங்க் வாய்க்குள்ளேயே மரை போட்டு இறங்குவது. டின் ரெகுலேட்டருக்கு யோக் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் போகலாம். யோக் ரெகுலேட்டரை டின் டேங்கில் மாட்ட அந்த டேங்கில் செருகு போட்டிருக்கணும், 300 பார் டேங்கில் அதற்கு வழியே இல்லை, யோக்கின் எல்லை 232 பார். அடாப்டர் போட்டால் முதல் நிலை இரண்டு விரல் நீளும், தலையைப் பின்னால் சாய்க்கும்போது இடிக்கும், பழகிவிடும். ஒரு சின்ன வித்தியாசம், காற்றுக் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் யோக்கில் டேங்கோடு போகும், டின்னில் உங்களோடு வரும். பையில் நாலு ஓ-ரிங் எப்போதும் இருக்கட்டும். குவாலா பெசூட் படகுத்துறையில் ஓ-ரிங் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

எடை விஷயம். ஏர் ஆசியாவில் கையில் கொண்டுபோக 7 கிலோ. கேஜ், ஆக்டோபஸ் எல்லாம் சேர்த்து ஒரு முழுச் செட் 2, 3 கிலோ வரும். 'டிராவல்' என்று தனியாக விற்கிற லேசான செட்டில் நீங்கள் மிச்சப்படுத்துவது அரைக் கிலோ இருந்தால் பெரிது, அந்த அரைக் கிலோவை அம்மா கட்டிக் கொடுக்கிற ஊறுகாய்ப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். லேசான மாடல்களில் பல '10 டிகிரிக்கு மேல்' குறியோடுதான் வரும், ஏனென்றால் குளிரில் தண்ணீரிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ள உலோகம் வேண்டும், அதைத்தான் அவர்கள் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். எல்லாம் அப்படி இல்லை, லேசாகவும் குளிருக்குச் சான்றோடும் சில உண்டு, அபெக்ஸ் எக்ஸ்.எல்.4 ஒன்று. இரண்டாம் நிலை உள்ளே உலோகம் அதிகமாக இருப்பது நல்லது, முழுக்க பிளாஸ்டிக்காக இருந்தால் சூடு கடத்தாது. ரெகுலேட்டரை எப்போதும் கையோடு எடுத்துப் போங்கள், பெட்டியில் போடாதீர்கள். ஸ்கேனர் அதிகாரி கேட்டால் திறந்து காட்டினால் போதும்.

எடைக்காக நூல் பின்னிய மெல்லிய ஹோஸ் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். லேசு, வளையும், பைக்குள் அடங்கும், எல்லாம் சரி. அவற்றில் சிலவற்றின் உள்குழாய் ஒருவகைப் பாலியூரத்தேன், வருடக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் உள்ளே மஞ்சள் படிகமாக வளர்ந்து காற்றுப் பாதையையே அடைத்திருக்கிறது, டைவர் பாதுகாப்பு அமைப்பான டான் இதைப் பற்றி எழுதியிருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே சாமான் வைத்திருக்கிற நம் மாதிரி ஆட்களுக்கு இது சும்மா தள்ளிவிடுகிற விஷயம் இல்லை. சாதாரண ரப்பர் ஹோஸையே வாங்குங்கள். அது வெடிப்பதற்கு முன்னால் வெளியே கீறல் காட்டும்.

இனி அந்த 900 வெள்ளி செட். வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்காமல் வேண்டாம். விற்கிறவரிடம் போய் முதலில் தூசி மூடியைக் கழற்றி டேங்க் பக்கத்து வாயில் தெரிகிற சின்ன உலோக வடிகட்டியைப் பாருங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் நல்லது. பச்சையாக இருந்தால் மூடி போடாமல் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள், உள்ளே உப்புப் போயிருக்கிறது. சிவந்திருந்தால் துருப்பிடித்த இரும்பு டேங்கில் ஓடியிருக்கிறது. பிறகு ஹோஸ் நுனியில் இருக்கும் பாதுகாப்பு உறையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், கீறல் எப்போதும் அந்த உறைக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். மூடியைத் திரும்பப் போட்டு அடைத்துக்கொண்டு வாயில் வைத்து இழுங்கள், காற்றே வரக்கூடாது, கொஞ்சம் வந்தாலும் வெளியேற்று வால்வோ தகடோ போய்விட்டது.

அது எல்லாம் தேறினால் என்னிடம் கொண்டு வாருங்கள், அழுத்தம் பார்ப்போம். பிசிடிக்குப் போகிற ஹோஸ் நுனியில் ஒரு சின்னக் கேஜைச் சொருகுவேன், டேங்கைத் திறந்தால் முள் விர்ரென்று ஏறி 9 அரையில் நிற்கணும். நிற்கணும் என்றால் நிற்கணும், தே தாரிக் ஒன்று குடித்து முடிக்கிற வரைக்கும் அசையக்கூடாது. நடுவில் இரண்டாம் நிலையின் முகத்தில் காற்றை வெளியே விடுகிற பர்ஜ் பட்டனைத் தொட்டு விட்டால் கொஞ்சம் இறங்கி அதே இடத்துக்கு வரணும். சிலவற்றில் முள் 9 அரை, 10, 10 அரை என்று நத்தை மாதிரி ஏறிக்கொண்டே போகும், கடைசியில் வாய்ப் பக்கத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பிக்கும். உள்ளே காற்றை அடைக்கிற சீட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெர்ஹெந்தியானில் அது வெறும் எரிச்சல், குளிர்நீரில் அதுவே ஃப்ரீ ஃப்ளோவுக்குப் போடுகிற அழைப்பிதழ். மாற்றிவிடலாம், சின்னப் பாகம்தான். ஆனால் முதல் நிலைக்கு ஒரு சர்வீஸ் கிட், இரண்டாம் நிலைக்கு ஒன்று, ஆக்டோபஸுக்கு ஒன்று, புது ஹோஸ், என் கூலி எல்லாம் சேர்த்தால் 900 வெள்ளி 900-இல் நிற்காது. அந்த மாடலுக்குக் கிட் இன்னும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள், வரவில்லை என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புதிது வாங்கினாலும் இதே கேள்விதான். கடைக்காரரிடம் 'இதற்குச் சர்வீஸ் யார் செய்வார், கிட் மலேசியாவில் கையிருப்பு இருக்கிறதா, எத்தனை நாள் ஆகும்' என்று மூன்றையும் கேளுங்கள். பதில் 'சிங்கப்பூருக்கு அனுப்பணும்' என்று வந்தால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு வருடம் என்பவர்களும் உண்டு, இரண்டு வருடம் என்பவர்களும் உண்டு, புத்தகத்தில் போட்டிருக்கும். சர்வீஸ் செய்தவரிடம் மாற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு முறை ஒருவர் வேறு எங்கோ முழுச் சர்வீஸுக்குக் காசு கொடுத்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தார், திறந்து பார்த்தால் மாற்றியது வாய்ப்பிடி ஒன்று மட்டும்தான், உள்ளே ஓ-ரிங் எல்லாம் தட்டையாகி அப்படியே இருந்தது. ஸ்காட்லாந்துக்குக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் சர்வீஸ் செய்துவிட்டு, அதோடு பெர்ஹெந்தியானில் இரண்டு நாள் இறங்கிப் பாருங்கள். சர்வீஸ் முடிந்த கையோடு குளிர்நீருக்குப் போகக்கூடாது, புது சீட் படிந்து உட்காரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அழுத்தம் மறுபடி பார்க்கணும்.

சில்ஃப்ராவுக்கு உங்கள் ரெகுலேட்டரைக் கொண்டுபோக வேண்டாம், சான்று இருந்தாலும்கூட. அங்கே கூட்டிப் போகிறவர்கள் எல்லாச் சாமானும் கொடுப்பார்கள், தினமும் அதே 2 டிகிரித் தண்ணீரில் ஓடுகிற சாமான், அந்தத் தண்ணீருக்கு என்றே சரிபண்ணி வைத்தது. உங்களுடையது போன மாதம் வரை 29 டிகிரியில் இருந்தது. அங்கே உள்ளே தண்ணீர் புகாத உடையான டிரைசூட் கட்டாயம், டிரைசூட் பயிற்சியோ அனுபவமோ இருப்பதற்குச் சான்றும் காட்டணும், 18 மீட்டருக்கு மேல் இறங்க விட மாட்டார்கள். அதனால் ஒழுங்கு இப்படி: முதலில் அண்ணன் வீட்டுக்குப் போய் டிரைசூட் பயிற்சி, திரும்பும் வழியில் ஐஸ்லாந்து. போகிற வழியில் என்று நீங்கள் எழுதியதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் ஸ்காப்பா ஃப்ளோ பற்றியும் பேசியிருப்பார், 1919 ஜூன் 21-இல் ஜெர்மன்காரர்கள் தங்கள் கப்பல்களையே தாங்களே மூழ்கடித்த இடம், ஏழு கப்பல் இன்னும் அடியில் கிடக்கிறது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய கப்பல்கள் 30, 40 மீட்டரில் கிடக்கின்றன, குளிர்நீரில் ஐம்பது டைவாவது போட்ட பிறகு பேசலாம்.

சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குளிரில் கையைக் கட்டிக்கொள்ளணும். வெளியே நின்று சும்மா மூச்சு இழுத்துப் பார்ப்பது, பர்ஜ் பட்டனை அழுத்தி 'புஸ்' விடுவது, நம் படகில் எல்லோரும் செய்வது, அங்கே செய்யாதீர்கள். முகம் தண்ணீருக்குள் போன பிறகுதான் முதல் மூச்சு. பிசிடியில் காற்று விடும்போது 'டிக், டிக்' என்று துளித்துளியாக, அந்த நேரம் மூச்சை இழுக்காமல். நான் குவாரியில் செய்ததற்கு நேர் எதிர். இரண்டாம் நிலையில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும், தண்ணீரில் குதிக்கும்போது அதை 'மைனஸ்' பக்கம் வையுங்கள், மூச்சின் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு குமிழையும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள், மூச்சு ஒரு இழை கனமாக இருக்கும், ஆனால் தானாகத் திறக்காது. கொட்ட ஆரம்பித்துவிட்டால் உதட்டை இறுக்கி மூடாதீர்கள், ஓரமாகத் திறந்து வைத்து ஓடுகிற காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டே கூட்டாளியின் ஆக்டோபஸுக்குப் போங்கள். இதை அண்ணனோடு முதல் நாளே, இடுப்பளவு தண்ணீரில், நாலு தடவை பழகுங்கள்.

வீட்டில் வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். தோட்டத்து வீட்டில் வாசல் ஆணியில் தொங்கவிடாதீர்கள், கார் பின்பெட்டியிலும் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசும்போது தூசி மூடியைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் முக்கணும், முக்கியிருக்கும்போது பர்ஜ் பட்டனை அழுத்தக் கூடாது, அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் நிலை வரை போகும். நிழலில் காய்ந்ததும் ஜிப் போட்ட பையில். கரப்பான் பூச்சிக்கு இரண்டாம் நிலையைப் போல் ஒரு வீடு கிடைக்காது, இருட்டு, ஈரம், பாதுகாப்பு. தாப்பாவிலிருந்து வந்த ஒரு செட்டில் நான் பார்த்ததைச் சாப்பிடும் நேரத்தில் படிக்கிறவர்களுக்காக எழுதாமல் விடுகிறேன்.

தாடை வலி ரெகுலேட்டர் கோளாறு இல்லை. வாடகைச் சாமானின் வாய்ப்பிடி எல்லோருக்கும் ஒரே அளவு, உங்கள் வாய்க்கு அது பெரிது, விழுந்துவிடுமோ என்று பல்லால் கடித்துத் தொங்குகிறீர்கள். சின்ன அளவு சிலிக்கான் வாய்ப்பிடி தனியாகவே கிடைக்கும், வெந்நீரில் மென்மையாக்கிப் பல் பதித்துக்கொள்கிற வகையும் உண்டு. பழையதன் கேபிள் டையை வெட்டிக் கழற்றி, புதியதைச் சொருகி, புது டை போட்டு இறுக்கி, நீளமான வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள், உதட்டைக் கீறும். சொந்தச் செட் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த முறை பெர்ஹெந்தியான் போகும்போதே ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டுபோய் மாட்டித் தரச் சொல்லுங்கள், திரும்பும்போது கழற்றிக்கொண்டு வாருங்கள்.